சட்டி விளிம்புப் பாண்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அம்மாவின் பிறந்தநாளுக்கு, கனடாவில், மில்லிக்கன் பக்கத்து என் வீட்டில், இத்தாலிய முறைப்படி மண்சட்டியை அடைத்து வைத்து ஆட்டிறைச்சி சமைத்தேன். இணையத்தில் வாங்கிய சட்டி. மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைக் கயிறாகத் திரித்து ஒட்டி, ஆவி போக வழியில்லாமல் பூசி, மின்னடுப்பு அவணுக்குள் வைத்து, பொத்தான்களை அமத்திவிட்டுப் போய்க் குளித்துச் சேலை உடுத்திக்கொண்டு வந்தேன். இந்தச் சமையலின் முதல் விதி, நடுவில் திறந்து பார்க்கக் கூடாது என்பது. நான் விதிகளை மதிக்கிறவள். பார்க்கவில்லை.

பிற்பகல் எல்லோரும் மேசையைச் சுற்றி இருக்க, அண்ணாவின் பிள்ளைகளான மருமக்கள் கைபேசியை நீட்டிப் படம் எடுக்க, சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்து மாவில் கத்தியை இறக்கினேன். கத்தி வெண்ணெய்க்குள் போவது போலப் போனது. நான் அமத்தியது அவணில் நேரம் எண்ணுகிற மணிக்கூட்டை மட்டும்தான். அரை நாளாக அது கடமை தவறாமல் ஓடியிருக்கிறது. அவண் ஓடவில்லை. மா பச்சை, இறைச்சி பச்சை. ரோஸ்மேரி மட்டும் தன் பங்குக்கு மணத்தது.

"ஒண்டுக்கும் யோசியாதை," என்றான் ரூஜ் பக்கத்திலிருந்து வந்திருந்த அண்ணா. "பீட்சா சொல்லுவம்."

எனக்குச் சமையலில் தோற்றது பெரிய கவலையாக இருக்கவில்லை. அதில் அனுபவம் உண்டு. கவலை என்னவென்றால், அந்தச் சட்டியை அம்மாவுக்கு முன்னால் திறந்து, அந்த வாசம் அவர் முகத்தில் அடிக்கிற கணத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று நான் பல வருடங்களாகத் திட்டம் போட்டிருந்தேன். பச்சை இறைச்சியை வைத்துக்கொண்டு யாரை விசாரிப்பது?

கேள்வி என்னவென்று உங்களுக்குச் சொல்வதானால் எங்கள் பழைய மாடிக்குடியிருப்பு இருந்த சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போக வேண்டும். என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கட்டடங்களை விளக்கத் தேவையில்லை. நடையில் விரித்திருந்த கம்பளம் எல்லா வீட்டுக் கறியையும் குடித்துக் குடித்து, தனக்கென்று ஒரு வாசம் வைத்திருந்தது. எலிவேற்றரை விட்டு இறங்கினால் கதவிலக்கம் பார்க்கவே வேண்டாம், மூக்கால் வீட்டைக் கண்டுபிடிக்கலாம். இங்கே கருவாடு, இங்கே ஒடியல் கூழ், இங்கே பால் அடிப்பிடித்துவிட்டது. யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்பது மாடி முழுவதற்கும் பொதுச் செய்தி.

எங்கள் வீட்டிலிருந்து மட்டும், நான் சொல்லப்போகிற அந்த மாரியில், அந்தப் பனிக்காலம் முழுக்க, பருப்பும் கீரையும்தான் மணத்தன. நாங்கள் சாமிக்கு வைத்த நேர்த்தியில் இருந்தோம்.

அப்பா முதலில் கனடா வந்தவர். பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். அண்ணாவுக்கு வயது கடந்துவிட்டதென்று அவனுடைய விண்ணப்பத்தை மட்டும் பிரித்துவிட்டார்கள். அவன் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தான். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவன் கொழும்பு லொட்ஜில் இருப்பதென்றால் ஒவ்வொரு முறை கதவு தட்டப்படும்போதும் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது என்று அர்த்தம். இரண்டு முறை பொலிஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டிருந்தார்கள். மூன்றாம் முறை விடுவார்களா என்று அம்மா யாரிடமும் கேட்கவில்லை. கோயிலில் கேட்டார்.

முன்பு கம்பளக் கடையாக இருந்த கட்டடம் ஒன்றில் கோயில் நடந்தது. அங்கே முருகனுக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா நேர்ந்தார்: அண்ணா எங்கள் வாசலுக்குள் கால் வைக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் மச்சம் தொட மாட்டோம். மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. வெளியே வந்து சப்பாத்தைப் போடும்போது எனக்குத் தனியாகச் சொன்னார்.

"நீ சின்னப்பிள்ளை. உன்ரை விரதத்தைத்தான் முருகன் பாப்பார். நாங்கள் பெரியாக்கள், எங்களிலை ஆயிரம் பிழை இருக்கும். கவனமா இரு பிள்ளை. கொண்ணன்ரை உயிரடி."

எனக்குப் பத்து வயது. இதை ஒரு பிள்ளையிடம் சொல்லலாமா என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்று பெருமையாக இருந்தது. வீட்டில் எனக்கென்று ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அந்த வேலையை நான் செய்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஹொட்டோக் கொடுக்கிற நாளில் வெறும் பணிஸில் கடுகுச் சாந்தைப் பூசித் தின்றேன். சிநேகிதியின் பிறந்தநாளில் கேக்கில் முட்டை இருக்குமென்று மெழுகுதிரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்குப் பொரியல் தின்றேன். அதை எந்தக் கொழுப்பில் பொரித்தார்கள் என்று தயவுசெய்து இப்போது எனக்குச் சொல்லாதீர்கள். பீட்சா நாளில் ஒரு பொடியன் இறைச்சி வட்டங்களைத் தான் எடுத்துவிட்டு மிச்சத்தை எனக்குத் தந்தான். அந்த வட்டங்கள் இருந்த இடத்தில் எண்ணெய்ச் சுவடு தெரிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சுவட்டின் வழியாகக் கொழும்பில் ஒரு பொலிஸ்காரன் மாடிப்படி ஏறுவதை நான் கண்ணால் கண்டேன்.

அப்பா ஓர் இத்தாலிய உணவகத்தில் வேலை. ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். இங்கே கோப்பை கழுவப் போய், வெங்காயம் வெட்டி, சலாட்டுக்கு ஏறி, அந்த மாரியில் அடுப்படிக்கு வந்திருந்தார். ஒருநாள் பத்திரிகையில் சுற்றி ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்தார். விளிம்பில் சிறிய உடைவு. சாப்பிட வருகிறவர்கள் முன் வைக்க முடியாதென்று முதலாளி கொடுத்துவிட்டாராம். வெளியே செம்மண் நிறம், உள்ளே தேன் நிறத்தில் மினுமினுப்பு, இரண்டு காது, குடை மாதிரி மூடி. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. இரவல் தளபாடங்களும் நன்கொடைக் கோப்பைகளும் நிறைந்த எங்கள் வீட்டில் அழகாக இருந்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் பக்கத்துக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் எனக்குத் தமிழ் வகுப்பு. ஒரு சனிக்கிழமை ரீச்சரின் கார் குளிரில் கிளம்பவில்லை. வந்தவழியே திரும்பி நடந்து, சிறிது நேரம் கீழே பனியில் விளையாடிவிட்டு, வழக்கத்துக்கு முன்னால் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்க வெகு நேரமானது. அந்தக் குளிரில் ஜன்னல் திறந்து கிடந்தது. அம்மா துவாயால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார். அப்பா சட்டியைக் கழுவு தொட்டியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். வீடு முழுக்கப் பாண் வெதுப்பிய வாசம். மேசையில், பழைய பத்திரிகையில், உடைந்த வளையல் துண்டுகள் மாதிரிப் பொன்னிறத்தில் ஏதோ கிடந்தது.

"வாசமாக் கிடக்கு. என்னப்பா உது?"

"பாண்," என்றார் அப்பா. "இத்தாலிப் பாண். அவையள் சட்டி விளிம்பிலைதான் சுடுவினம்."

ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அம்மா அந்தத் துண்டைக் காட்டி, "அவளுக்கு உதை…" என்று தொடங்கினார். அப்பாவைப் பார்த்தார். பிறகு, "சுடும், ஊதித் தின்," என்று முடித்தார்.

தின்றேன். வெளிப்பக்கம் மொறுமொறுப்பு. உள்பக்கம் கருஞ்சிவப்பாக, கொஞ்சம் பிசுபிசுத்து, உப்பும் புளிப்பும் உறைப்பும், இன்னும் பெயர் தெரியாத ஏதோவொன்றும். மாதக்கணக்கில் பருப்பும் கீரையும் தின்ற வாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இனி ஒவ்வொரு சனியும் இது வேண்டும் என்றேன். அப்பா சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு என்று நினைத்தேன்.

நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், விளங்கியிருக்கும். ஆட்டுத் தோள் இறைச்சியை எலும்போடு, முழு உள்ளிப்பூண்டும் தக்காளியும் ரோஸ்மேரியும் செத்தல் மிளகாயும் சேர்த்து, ஒரு குவளை சிவப்பு வைனும் ஊற்றி, மூடியை மாவால் அடைத்து, விடியற்காலையிலிருந்து மெல்லிய சூட்டில் விட்டால் உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியே தெரியாது. ஆவி போக இடமில்லாமல் திரும்பத் திரும்ப இறைச்சி மேலேயே விழும். வெளியே மணப்பது வேகிற மாவு மாத்திரம். மூக்கால் வேவு பார்க்கிற ஒரு கட்டடத்தில் நேர்த்தியிலிருக்கும் குடும்பம் ஒன்று ஆட்டிறைச்சி சமைப்பதற்கு உலகத்தில் உள்ள ஒரே வழியை அப்பா இத்தாலிக்காரரிடமிருந்து கற்று வந்திருந்தார். அந்த மாவுக்கு ஒரு குணம் உண்டு. வெளியே பாணாக இருந்துகொண்டே உள்ளே இறைச்சிச் சாறு முழுவதையும் குடித்துவிடும்.

"உங்கட வீட்டில சனிக்கிழமையெண்டா பேக்கரி வாசமெல்லோ கா," என்பார் எதிர்வீட்டு அன்ரி. மட்டக்களப்புக்காரி. அவருடைய மூக்கு மாடிக்கே பெரிய மூக்கு. அதையே அப்பா வென்றிருந்தார்.

எனக்குச் சனிக்கிழமை என்றால் பாண். வகுப்பு முடிந்து ஓடிவந்தால் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும், ஜன்னல் திறந்திருக்கும், பத்திரிகையில் என் வளையல் துண்டுகள் கிடக்கும். பருப்போடு தின்பேன். பள்ளிக்கூடத்தில் பிறநாட்டு உணவுகளைப் பற்றிப் பேசச் சொன்னபோது, இத்தாலிக்காரர் பாணைச் சட்டியின் விளிம்பில் வட்டமாகச் சுடுவார்கள் என்று எழும்பி நின்று விளக்கினேன். அந்தப் பள்ளிக்கூடத்து ரீச்சரின் பெற்றோர் இத்தாலியிலிருந்து வந்தவர்கள். அவர் என்னைக் கனிவாகப் பார்த்து, அது எந்தப் பகுதியில் என்று கேட்டார். தெற்கில் என்றேன். யாழ்ப்பாணத்துக்காரிக்கு வடக்கை விட்டுக்கொடுக்க மனம் வராது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவு நல்ல சாமானைத் தனியே தின்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது. எங்கள் சாமித்தட்டு, உடுப்புத் தொங்கவிடுகிற அலுமாரிக்குள், அப்பாவின் குளிர்க்கோட்டுக்கு மேல்தட்டில் இருந்தது. ஒவ்வொரு சனியும் இருவரும் பார்க்காத நேரத்தில் முதல் துண்டை முருகன் படத்துக்கு முன் வைத்து, "அண்ணாவைக் கொண்டுவா" என்று சொல்லி, கண்ணைத் திறந்து, எடுத்துத் தின்றுவிடுவேன். சாப்பாட்டுச் சாமானைக் குளிக்காமல் படைக்கக் கூடாதென்று அம்மா ஏசுவார் என்பதால் களவாகச் செய்தேன். பங்குனி பிறந்த ஒரு கிழமையில் அண்ணாவுக்குத் தூதரகத்தில் நேர்முகம். அதற்கு முந்திய சனிக்கிழமை படைத்ததைத் திருப்பி எடுக்கவில்லை. இருந்ததில் பெரிய துண்டை, உள்பக்கம் நன்றாகச் சிவந்ததை, படத்துக்குப் பின்னால் முழுதாக அவருக்கென்றே விட்டுவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகப் பெரிய தியாகம் அது. பின்னால் வந்தவை எல்லாம் சில்லறை.

வெள்ளிக்கிழமை விளக்கேற்ற அம்மா தலைமுழுகிவிட்டு வந்து படங்களைத் துடைத்தார்.

"ஆரடி உதை வைச்சது?"

நான் ஓடிவந்தேன். அவர் விரல் நுனியில் அந்தத் துண்டு இருந்தது. பாராட்டு வரப்போகிறதென்று நினைத்து, "நான்தான் அம்மா, முருகனுக்கு" என்றேன்.

அறை காதோடு விழுந்தது.

"நேர்த்தி வைச்ச சாமிக்கு மச்சத்தைப் படைச்சிட்டியேடி."

"பாண் அம்மா," என்றேன். "அப்பான்ரை பாண்."

அம்மாவின் தலையில் கட்டியிருந்த துவாய் அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதை எடுத்துக் கட்டவும் இல்லை. அந்தத் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சமையலறைப் பக்கம் கவிழ்த்து வைத்திருந்த சட்டியைப் பார்த்தார். நானும் அவர் பார்த்த வரிசையிலேயே பார்த்தேன். பெயர் தெரியாத அந்த ருசிக்கு அப்போது பெயர் கிடைத்தது.

அப்பா வேலையால் வந்ததும் இருவரும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். எங்கள் வீட்டுக் கதவுகள் வாசத்தையே மறைக்காதவை.

"அவளுக்கென்ன தெரியும்? தெரியாமல் திண்டது கணக்கில்லை," என்றார் அப்பா.

"சாமிக்குத் தெரியாதே?"

"சாமி ஏன் பின்னை ஆறு நாளா ஒண்டும் சொல்லேல்லை?"

வேறு நேரமாக இருந்தால் அதற்கு நான் சிரித்திருப்பேன். அன்றிரவு நான் கணக்குப் பார்த்தது வேறு. ஹொட்டோக், கேக், பீட்சாவின் எண்ணெய்ச் சுவடு. எல்லாவற்றையும் வாசலில் நிறுத்தி வைத்தேன். சொந்த வீட்டு மேசையில், சொந்த அப்பாவின் கையால், ஒவ்வொரு சனியும் உள்ளே விட்டிருக்கிறேன். நேர்த்தியை மூன்று பேர் வைத்தோம், அதை நம்பியது நான் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை லொட்ஜ் தொலைபேசிக்கு அழைத்தார்கள். நேர்முகம் முடிந்துவிட்டது, ஆனால் மறுபடி வைத்தியப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் மாதங்கள் பிடிக்கும் என்றான் அண்ணா. கீழே வைத்த ரிசீவரிலிருந்து கையை எடுக்காமல் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். அவரைப் பார்க்கவில்லை.

அந்தப் பார்வை ஏன் என் பக்கம் திரும்பியது என்று கேட்கத்தான் நான் இத்தனை வருடமாகச் சட்டி தேடினேன்.

அப்பா தன் வழியில் சமாதானம் செய்ய வந்தார். அடுத்த நாள் உணவகத்திலிருந்து உண்மையான இத்தாலிப் பாண் ஒன்று கொண்டுவந்தார், நீளமாக, அழகான காகிதப் பையில். "இதிலை ஒண்டுமில்லை பிள்ளை. மாவும் தண்ணியும் உப்பும். சத்தியமா," என்றார். கடித்தேன். சப்பென்றிருந்தது. அவர் சொன்னது உண்மை, அதில் ஒன்றுமே இல்லை. பொய்தான் ருசியாக இருந்தது என்று அந்த வயதில் தெரிந்துகொள்வது உடம்புக்கு நல்லதில்லை.

சட்டியை அம்மா மஞ்சள் தண்ணீரில் கழுவிப் பல்கனியில் வைத்தார். கோடையில் அதில் மிளகாய்க் கன்று நட்டார். அடுத்த மாரியில் உள்ளே ஈரம் உறைந்து சட்டி இரண்டாகப் பிளந்தது. யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள்.

அதற்குள் அண்ணா வந்துவிட்டான். விமான நிலையத்தில் நான் மெலிந்து கறுத்த ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தேன். கன்னம் உப்பிய ஒருவன் வந்து என்னைத் தூக்கினான். "லொட்ஜுக்குக் கீழை கொத்துரொட்டிக் கடை," என்றான். "வேறை என்ன வேலை, ஒவ்வொரு நாளும் ஆட்டிறைச்சிக் கொத்து." மெலிந்திருந்தது நான்தான். ஆனால் வீட்டில் அவன் கதவுக்கு முதுகைக் காட்டி இருக்கவே மாட்டான். இன்றைக்கும் மாட்டான். அதனால் அந்தக் கொத்துரொட்டியை நான் அவன்மேல் வைத்துக்கொள்ளவில்லை.

அவன் வந்த அன்று அம்மா வெளிப்படையாக, ஜன்னலையும் மூடிவிட்டு, மாடி முழுக்க மணக்க ஆட்டிறைச்சிக் கறி வைத்தார். நான் மரக்கறி மட்டும்தான் தின்பேன் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். என் பங்கை அண்ணா சாப்பிட்டான். அப்படியே சில வருடங்கள் போயின. ஏனென்று யாரும் கேட்கவில்லை. "பிள்ளைக்கு நல்ல பக்தி," என்று அம்மா கோயிலில் சொல்லிக்கொண்டார்.

அப்பாவின் செத்தவீட்டில் எதிர்வீட்டு அன்ரி என்னை ஒதுக்கிக் கூட்டிப்போய் ஒரு விஷயம் சொன்னார். அந்த மாரியில் அம்மா வேலைத்தலத்தில் இரண்டு தரம் மயங்கி விழுந்தாராம். இரத்தம் காணாது, இறைச்சி தின்னாவிட்டால் ஆஸ்பத்திரிதான் என்று டொக்டர் சொன்னாராம். "உங்கொம்மா மாட்டனெண்டுதான் நிண்டவ புள்ள. கொப்பாதான் கெஞ்சி வாயில தீத்தினவர்." அவருக்கு எல்லாம் அப்போதே தெரிந்திருக்கிறது. மாடியின் பெரிய மூக்கைப் பாண் வாசம் ஏமாற்றவில்லை. ஏமாந்தது நான் மட்டும்.

அம்மாவுக்கு இரத்தம் குறைந்தது. சரி. அப்பாவுக்கு என்ன குறைந்தது என்று அன்ரியிடம் கேட்டிருக்கலாம். சவப்பெட்டி பக்கத்தில் இருந்தது, விட்டுவிட்டேன். இதை எனக்கு ஒரு வரியில் சொல்லியிருந்தால் போதும். அம்மாவுக்கு மருந்தென்றால் நானே மாவைத் திரித்துக் கொடுத்திருப்பேன். மனதுக்குள் நான் வாதாடித் தீர்த்த வழக்குதான் இது. ஆனாலும் அந்தப் பாண் துண்டை எனக்கு நீட்டியபோது "அவளுக்கு உதை" என்று தொடங்கி, "ஊதித் தின்" என்று முடித்த இடத்துக்கு வந்தவுடன் ஒவ்வொரு முறையும் எனக்குக் காது சுடும்.

ஆகவே போன மாதம் பீட்சாவுக்குக் காத்திருந்த நேரத்தில், பச்சைச் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். விரதம், பாண், முருகன், அறை, தொலைபேசி, அந்தப் பார்வை. மருமக்கள் கைபேசியைக் கீழே வைத்தார்கள். அண்ணாவின் முகம் மாறிவிட்டது.

"எனக்காகவோ?" என்றான். பிறகு, "மெய்யே அம்மா?"

அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்கிற கருவி போட்டிருந்தார், எனவே கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. அண்ணா சட்டென்று எழும்பி நின்றான். பீட்சா. எல்லோரும் சாப்பிட்டோம். அம்மா நடுவில் உள்ள மெத்தென்ற பகுதியை மட்டும் தின்று, பல்லுக்கு ஏலாத விளிம்புகளைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் அடுக்கி வைத்தார்.

புறப்படும்போது வாசலில் குந்தி அவருக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. நான் நிமிரவில்லை. இத்தனை வருடம் காத்திருந்த சொல் வரப்போகிறது, அது வரும்போது முகத்தைப் பார்த்து அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று கயிற்றை மெதுவாகக் கட்டினேன்.

"பிள்ளை," என்றார்.

"என்னம்மா."

"இறைச்சியிலை என்ன கிடந்தது, அவிஞ்ச சக்கை. ருசியெல்லாம் அந்தப் பாண் கரையிலைதானே. அவ்வளவத்தையும் நீதான் திண்டனி. ஒரு நாளாவது, அம்மா, உங்களுக்கு ஒரு துண்டு வேணுமோ எண்டு கேட்டனியே?"